நாலு வரிசை தூரம்

சுனாமி வந்துபோய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நல்ல மழைக்காலம். நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலில், ஹெலிகாப்டர் இறங்கும் மைதானத்தில் எனக்கு வேலை. ஏதோ பெரிய விமான நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். மலையடிவாரத்தில் ஒரு புல்தரை, நடுவில் சிமென்ட் வட்டம், ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் மேஜை, வயர்லெஸ் செட், சுவர்க் கடிகாரம், ஆளையும் மூட்டையையும் நிறுத்துப் பார்க்க ஓர் எடை மிஷின், ஒரு பதிவேடு. அந்த ராஜ்யத்துக்கு நான்தான் ராஜா. எனக்கு ஒரே மந்திரி, வங்காளி வாட்ச்மேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அரசு வேலைக்காக அந்தமானுக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. போர்ட் பிளேரில் இருந்த என்னை, சுனாமிக்குப் பிறகு ஆள் பற்றாக்குறை என்று கச்சாலுக்குத் தூக்கிப் போட்டார்கள். அந்தக் கோபத்தை நான் நேரத்தின் மேல் காட்டினேன். எல்லாம் நிமிடக் கணக்கில் நடக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமாக மூட்டை கொண்டுவந்தவரையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாட்ச்மேன் என்னை முதுகுக்குப் பின்னால் ‘கடி பாபு’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். ஹிந்தியில் கடி என்றால் கடிகாரம். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

கார் நிக்கோபாரிலிருந்து கச்சால் ஆகாய வழியில் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். ஆனால் தீவுகளில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்க மாட்டார்கள். எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்பார்கள். கப்பலில் வந்தால் ஒரு பகல், அதுவும் கடல் மனது வைத்தால். ஹெலிகாப்டரில் நாற்பது நிமிடம்.

என் வேலை இவ்வளவுதான். அங்கே கிளம்பிய நேரத்தை வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். அதோடு நாற்பதைக் கூட்டினால் இங்கே வந்து சேரும் நேரம். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் மைதானத்து ஓரத்தில் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட வேண்டும். புகையைப் பார்த்துத்தான் பைலட் இடத்தையும் காற்றையும் தெரிந்துகொள்வார். பைலட்டோடு நேராகப் பேசும் செட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. புதியது வந்துகொண்டே இருந்தது, வந்து சேரவில்லை. ஆகவே அந்தப் புகை ஒன்றுதான் எங்களுக்கு வாய்.

கடல் கொண்டுபோனது செட்டை மட்டுமா? தீவே அமிழ்ந்துவிட்டிருந்தது. முன்பு ஊர் இருந்த இடத்தில் கடல் வந்து உட்கார்ந்துவிட்டது, திரும்பிப் போகவில்லை. மைதானத்துக்குக் கிழக்கே, தண்ணீருக்குள் தென்னை மரங்கள் நின்றன. ஓலை இல்லை, குருத்து இல்லை, வெறும் தடி. எவ்வளவு காற்றடித்தாலும் அவை அசையாது. காலையில் கொட்டகையைத் திறக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் திறக்க நான் பழகிக்கொண்டேன்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொந்தரவு இருந்தது. சுனாமியின்போது மலையேறித் தப்பியவர்கள், நாள் கணக்கில் ஹெலிகாப்டர் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அதிலிருந்து, வானம் மூடிய நாட்களில் வராத ஹெலிகாப்டரின் சத்தம் அவர்களுக்குக் கேட்கும். தெருவில் போகிறவர் திடீரென்று நின்று அண்ணாந்து பார்ப்பார். பக்கத்தில் இருப்பவரும் பார்ப்பார். மேலே ஒன்றும் இருக்காது. வாட்ச்மேனுக்கும் இது உண்டு. “காதுக்குள்ள என்ன ஃபேன் ஓடுதா?” என்று நான் கேலி செய்வேன். நான் சுனாமிக்குப் பின் வந்தவன். வேறென்ன சொல்ல?

அந்த வாரம் ஒரு பெண் தினமும் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கச்சாலில் ரப்பர் தோட்டம் உண்டு. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழர்களை அங்கேதான் குடியமர்த்தினார்கள். இவள் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள், பால்வெட்டுக்காரி. புருஷனைச் சுனாமியில் பறிகொடுத்தவள். எட்டு வயது மகள் ஒருத்தி மட்டும் மிச்சம். அன்றைக்கு விழுந்த மரத்துக்கடியில் சிக்கிய அந்தக் குழந்தையின் காலுக்குப் போர்ட் பிளேரில் மூன்றாவது தடவையாக ஆபரேஷன் நடந்து, ஒரு நர்ஸம்மா துணையோடு திரும்பி வருவதாக இருந்தது. மூன்று நாளாக மழை, மூன்று நாளும் சர்வீஸ் ரத்து. மூன்று நாளும் அவள் வந்து, காத்திருந்து, போனாள்.

முதல் நாளே என்னிடம் கேட்டாள்.

“கார் நிக்கோபார்லருந்து எத்தனை நேரமுங்க சார்?”

“நாற்பது நிமிஷம்மா.”

அவள் விரலை மடக்கி என்னவோ யோசித்தாள். “அப்ப நாலு வரிசைங்க” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. விசாரித்தால், ரப்பர் மரங்களை அவள் வரிசை வரிசையாகப் பால் வெட்டுகிறவள். ஒரு வரிசையில் இருபது மரம். ஒரு வரிசையை முடிக்கப் பத்து நிமிடம் என்று எப்போதோ ஒரு சூப்பர்வைசர் கடிகாரம் பிடித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் வரிசைக் கணக்கு. சோறு வேக இரண்டு வரிசை. ஹெலிகாப்டர் வர நாலு வரிசை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வாட்ச்மேனிடம் சொல்லி அவனையும் சிரிக்கவைத்தேன். அவளும் கூடச் சிரித்தாள் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

நான்காம் நாள் காலை மழை விட்டது. வானம் வெளுத்துக் கிடந்தது. எட்டு ஐம்பத்தைந்துக்கு வயர்லெஸ் கரகரத்தது. கார் நிக்கோபார் ஆள் ஹிந்தியில் படபடவென்று பேசினான். முன்பே கூப்பிட்டானாம், லைன் கிடைக்கவில்லையாம். ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது, ஒன்பது பேர், கிளம்பிய நேரம் எட்டு மணி ‘உன்தாலீஸ்’. அதற்குமேல் இரைச்சல். கச்சாலில் அந்த செட்டில் இது சகஜம். சமயத்தில் கடலுக்கு அந்தப் பக்கத்து ஏதோ நாட்டின் குரல்கள் வந்து விழும். அன்றைக்கும் ஒரு பெண் குரல் வந்தது. தெரியாத பாஷையில், ஏற்ற இறக்கமே இல்லாமல், எண்களைப் போல எதையோ வாசித்துக்கொண்டே போனது.

ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டே பதிவேட்டில் எழுதினேன். புறப்பாடு 8.49. வருகை 9.29. புகை போட வேண்டிய நேரம் 9.19. அழகான கையெழுத்தில், கீழே கோடு போட்டு.

கொட்டகை வாசலில் நின்று வயர்லெஸ் பேச்சைக் கேட்ட அந்தப் பெண், “கெளம்பிருச்சுங்களா சார்?” என்றாள். தலையாட்டினேன். அவள் மைதானத்துக்குள் இறங்கிப் போனாள்.

சிறிது நேரத்தில் மலை மேகம் இறங்க ஆரம்பித்தது. தீவில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழை கிடையாது, காற்று கிடையாது. மலைச் சரிவில் பாலை ஊற்றியது போல வெள்ளையாக வழிந்து வந்து தரையில் நிற்கும். முதலில் மலை காணாமல் போனது. பிறகு கடலில் நின்ற மொட்டைத் தென்னைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பறவைச் சத்தம்கூட நின்றுவிட்டது. என் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும் பெரிதாகக் கேட்டது.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். மேகத்துக்குள் பாதி மங்கலாக நடந்துகொண்டிருந்தாள். நாலடி நடப்பாள், நிற்பாள், லேசாகக் குனிவாள். வலது கை மேலே இடப்பக்கத்திலிருந்து கீழே வலப்பக்கமாக ஒரு கோடு இழுக்கும். இடது கை எதையோ துடைக்கும். கீழே இல்லாத பால் சிரட்டையை நிமிர்த்தி வைக்கும். அப்புறம் நாலடி. மறுபடி நிற்பாள். அந்த மைதானத்தில் மரமே கிடையாது. ஆனால் அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் வெட்டினாள். இரண்டு மரங்களுக்கு நடுவே வளைந்து போவது போல வளைந்து போனாள். புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்தேன். வாட்ச்மேன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒன்பது பதினைந்து இருக்கும். வாட்ச்மேன் சட்டென்று அண்ணாந்து பார்த்தான்.

“பாபு, ஆவாஸ்” என்றான். சத்தம்.

எனக்கும் கேட்டது. அதுதான் விசேஷம். மெல்லிய தடதடப்பு. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. மலையிலிருந்து வருவது போலவும் இருந்தது, தண்ணீருக்குள் நிற்கும் தென்னைகளுக்கு நடுவிலிருந்து வருவது போலவும் இருந்தது. நெருங்கி வந்தது, தலைக்கு நேரே போனது, தேய்ந்தது. மேலே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஹெலிகாப்டர் வர இன்னும் பதினான்கு நிமிடம் இருக்கிறது. அதற்குள் எப்படி வரும்? ஊர்க்காரர்களின் வியாதி கடைசியில் எனக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

“புகை போடட்டுமா பாபு?” என்று வாட்ச்மேன் ஹிந்தியில் கேட்டான்.

“பத்தொன்பது ஆகட்டும்” என்றேன். கடிகாரக்காரன் அல்லவா நான்!

சத்தம் இன்னொரு தடவை வந்து, தொலைவாகப் போய், இல்லாமல் போனது. அதற்குப் பிறகு வந்த நிசப்தம் முன்பைவிட மோசம்.

வாட்ச்மேன் தீப்பெட்டியை எடுத்தபோது அவள் மேகத்துக்குள்ளிருந்து ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

“சார், நாலு வரிசையும் முடிஞ்சிருச்சுங்க. புள்ள எங்கங்க?”

“என்னம்மா அவசரம்? இப்பத்தான் முப்பது நிமிஷம் ஆகுது. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு” என்றேன். குரலில் எரிச்சல் வந்துவிட்டது.

“இல்லைங்க. அந்த ஆளு உன்தாலீஸுன்னுதானே சொன்னாரு? நீங்க ஒம்போது அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்குன்னு வாட்ச்மேன்கிட்ட சொன்னீங்க. அதுக்குள்ள ஒன்றரை வரிசை போயிருச்சேன்னு நான் ரெண்டாவது வரிசை நடுவுலருந்துதாங்க வெட்டிக்கிட்டு வந்தேன்.”

“ஆமா, உன்தாலீஸ். நாற்பத்தொன்பது.”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “உன்தாலீஸு முப்பத்தொம்பதுங்க சார்” என்றாள். “ரப்பர் ஷீட்டு நிறுக்குறப்ப தெனம் கேக்குறோமே. நாப்பத்தொம்போது உன்சாஸுங்க.”

நான் வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தேன். “சாலீஸ் ஸே ஏக் கம், பாபு” என்றான் அவன் மெதுவாக. நாற்பதுக்கு ஒன்று குறைவு.

என் ஹிந்தி முப்பது நாள் புத்தகத்தில் படித்த ஹிந்தி. நாற்பத்தைந்து பைந்தாலீஸ், நாற்பத்தேழு சைந்தாலீஸ், நாற்பத்தெட்டு அட்தாலீஸ். அந்த வரிசையில் போனால் நாற்பத்தொன்பது உன்தாலீஸ்தானே? நாலு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மற்ற நாட்களில் கிளம்பியவுடனே சேதி வந்துவிடும், பக்கத்தில் கடிகாரம் இருக்கும், தப்பு நேர வழியில்லை. சேதி தாமதமாக வந்த அன்றைக்குத்தான் அந்த எண் என் கழுத்தைப் பிடித்தது.

அப்படியானால் ஹெலிகாப்டர் வர வேண்டிய நேரம் 9.19. கொஞ்சம் முன்னதாகவே வந்திருக்கிறது. நான் கேட்ட சத்தம் வியாதியும் இல்லை, ஆவியும் இல்லை. ஒன்பது உயிர். அதில் ஒன்று இவள் மகள். தலைக்கு மேலே இரண்டு தடவை வந்து, கீழே ஒரு புகைகூட இல்லாமல், இடம் தெரியாமல் போயிருக்கிறார்கள். போய்விட்டார்கள். கடலுக்கு மேலே இந்த வெள்ளைக்குள் எங்கே இருக்கிறார்களோ, எவ்வளவு எண்ணெய் மிச்சமோ! அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாட்ச்மேன் மட்டையைக் கொளுத்திவிட்டான். மண்ணெண்ணெய் ஊற்றியதும் புகை கிளம்பியது. ஈர மட்டையின் புகை வெள்ளையாக எழுந்து, மேகத்தில் கலந்து, அடையாளமே இல்லாமல் போனது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“வெள்ளையில வெள்ளை தெரியுமாங்க? ரப்பரு வேணும். கறுப்பா கெளம்பும்” என்றாள்.

மைதானத்தின் எல்லை தெரிவதற்காகப் பழைய லாரி டயர்களுக்கு வெள்ளையடித்துப் புதைத்து வைத்திருந்தோம். அவள் சொல்லி வாய் மூடவில்லை, வாட்ச்மேன் கடப்பாரையோடு ஓடினான். நானும் ஓடினேன். வெறும் கையால் மண்ணைப் பறித்து இரண்டு டயர்களைப் பெயர்த்து உருட்டி வந்தோம். ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசலை முழுக்கக் கவிழ்த்தேன். முதலில் பிடிக்கவில்லை. அவள் தன் காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றிப் பற்றவைத்து டயரின் உள்வாய்க்குள் சொருகினாள். பிடித்துக்கொண்டது.

கன்னங்கரேல் என்று புகை எழுந்தது. காற்று இல்லாததால் கலையாமல், ஒரே தூணாக, வெள்ளைக்குள் மேலே மேலே போனது.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் செட்டுக்கு ஓடி கார் நிக்கோபாரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்தப் பெண் குரல்தான் இன்னும் எண்களை வாசித்துக்கொண்டிருந்தது. கட்டையாக, நிதானமாக, யாருக்கோ. செட்டை அணைத்துவிட்டேன். அதைக் கேட்க என்னால் முடியவில்லை. வெளியே வந்தால் அவள் புகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நடக்கவில்லை, வெட்டவில்லை. வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை தானாக அசையப் பார்ப்பதும் இவள் விடாமல் அழுத்துவதும் எனக்குத் தெரிந்தது. பயப்படுகிறாள் என்று தெரிந்தது, ஆனால் எதற்குக் கையைப் பிடித்திருக்கிறாள் என்று அப்போது புரியவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் வேலை நாட்களிலேயே அப்படிப் பார்க்காமல் இருந்தது அன்று ஒரு நாள்தான்.

சத்தம் மேற்கே, யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்தது. முதலில் நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உனக்குக் கேட்கிறதா என்று கேட்கக்கூடப் பயம். பிறகு புகைத்தூண் திடீரென்று சுழன்று உடைந்தது. அதன் நடுவிலிருந்து ஹெலிகாப்டரின் வயிறு வெளியே வந்தது.

கதவு திறந்து நர்ஸம்மா இறங்கினார். பின்னால் ஊன்றுகோலோடு அந்தக் குழந்தை. அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் முதலில் இரண்டு கைகளையும் சேலையில் நன்றாகத் துடைத்தாள். ரப்பர் பால் பிடித்த கையைத் துடைப்பது போல. அப்புறம்தான் பிள்ளையைத் தொட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகையென்று சொல்லிக் கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

பைலட் என்னிடம் வந்தார். பழைய கடற்கரையின் வடிவத்தை வைத்து இடம் தேடினாராம், அந்தக் கடற்கரையே இப்போது இல்லை. திரும்பி கார் நிக்கோபாருக்கே போகத் தீர்மானித்து வண்டியைத் திருப்பியபோது, ஜன்னலில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்ததாம். “புகை ஏன் லேட்?” என்று கேட்டார். ஈர மட்டை, பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாட்ச்மேன்கூட அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும். “அடுத்த தடவை இங்கிலீஷில் கேளுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பதிவேட்டில் 49ஐ அடித்து 39 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். என் அழகான பக்கங்களில் அடித்தல் திருத்தல் அது ஒன்றுதான்.

போகும்போது அவள் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். என்மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராமல், அசட்டுத்தனமாக வேறொன்றைக் கேட்டேன். மணி பார்க்கத் தெரியாமல், சரியாக நாலு வரிசை முடிந்ததும் எப்படி ஓடி வந்தாய், இன்னும் பத்து மரம் பார்க்கலாம் என்று தோன்றவில்லையா என்று.

குழந்தைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அஞ்சாவது வரிசை கடலுக்குள்ள போயிருச்சுங்க சார். அன்னைக்கு அவரு அந்த வரிசையிலதான் நின்னாரு. நான் அதுல கால வச்சுட்டா புள்ளையும் அங்கிட்டுப் போயிரும்னு பட்டுச்சு. அதான் கையப் புடிச்சிக்கிட்டேன்.”

வெறுங்காலோடு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மேகத்துக்குள் நடந்து போனாள்.

அடுத்த வாரமே வாட்ச்மேனிடம் ஹிந்தி எண்களை ஒன்றிலிருந்து நூறு வரை உட்கார்ந்து கற்றேன். தப்புச் சொன்னால் அவன் சிரிப்பான், நான் வாங்கிக்கொள்வேன். யார் அண்ணாந்து பார்த்தாலும் நானும் கூடவே அண்ணாந்து பார்க்கப் பழகினேன்.

இப்போது ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறேன். எப்போதாவது விமானத்தில் போகும்போது, இன்னும் நாற்பது நிமிடத்தில் தரையிறங்குவோம் என்று அறிவிப்பார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மரமாக எண்ணுவேன். நாலாவது வரிசை முடியப்போகும்போதும் கீழே தரை தெரியாவிட்டால், என் இடது கை தானாகப் போய் வலது கையைப் பிடித்துக்கொள்கிறது.